‘பே’ என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும்
சம்பளத் துண்டை வாசிக்கக் கற்போம்

பல்லேபொலையில் நாம் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் பத்தாம், பதினோராம் தர மாணவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். இவர்களுள் சிலரின் பெற்றோர் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிறார்கள். வேறு சிலரின் பெற்றோர் மிளகுத் தோட்டங்களிலும் வயல்களிலும் நாட்சம்பளத்துக்குப் போகிறார்கள். ஒருநாள் ஒரு மாணவி தன் தாயின் சம்பளத் துண்டை எடுத்துவந்து எம்முன் வைத்தாள். அதில் ‘பேசிக் வேஜ்’, ‘அலவன்ஸ்’, ‘இன்சென்டிவ்’, ‘குரொஸ் பே’, ‘நெட் பே’ என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

“இதில எது பாதர் அம்மாட சம்பளம்?” என்று கேட்டாள்.

பக்கத்திலிருந்த பையன் சிரித்தான். “எல்லாம் காசுதானே! எந்தப் பேரில வந்தா என்ன?” என்றான்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தப் பையன் சொன்னதையே நாமும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருவோம்.

1. நாம் விட்ட பிழை

2017ஆம் ஆண்டில், 26 வருடம் வேலை செய்து ஓய்வு பெறவிருந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி எம்மிடம் வந்தார். தனக்குப் பணிக்கொடையாக எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துத் தரும்படி கேட்டார். நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு 14 நாட் சம்பளம் என்பது சட்டம். 26 வருடத்துக்கு 364 நாட்கள். அப்போதைய நாட்சம்பளம் 730 ரூபா என்று எல்லாரும் பேசிக்கொண்டனர். நாமும் 364ஐ 730ஆல் பெருக்கி 2,65,720 ரூபா என்று எழுதிக் கொடுத்தோம்.

அந்தக் கடதாசியை நம்பி அவர் கடன் வாங்கினார். மகளின் வீட்டுக்குக் கூரை போட மரமும் தகரமும் எடுத்தார். பணம் வந்தபோது கையில் கிடைத்தது 1,82,000 ரூபா மட்டுமே. காரியாலயத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். நாமும் அப்படியே நினைத்துக் கோபத்தோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த லிகிதர் அமைதியாக விளக்கினார். 730 ரூபாவில் ‘வேஜ்’ என்ற பெயரில் இருந்தது 500 ரூபா மட்டுமே. மீதி 230 ரூபாவுக்கு வேறு பெயர்கள். அந்த 230 ரூபா பணிக்கொடைக்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. 364ஐ 500ஆல் பெருக்கினால் 1,82,000. கணக்குச் சரி, பிழை எம்முடையது.

அந்த மாரி காலத்தைப் பாதிக் கூரையின் கீழேயே அக்குடும்பம் கழித்தது. கடனை அடைக்க இரண்டு வருடம் சென்றது. படித்தவர்கள் என்று எம்மை நம்பி வந்தவருக்கு ஒரு சொல்லின் பொருளை நாம் சரியாகச் சொல்லவில்லை. ஆகவேதான் அந்த மாணவியின் கேள்விக்கு ஒரு மாலை வகுப்பு முழுவதையும் கொடுத்தோம்.

2. ஆங்கிலச் சொற்கள்

பே: இது பொதுச் சொல். மற்றெல்லாச் சொற்களையும் தன்னுள் அடக்கும் குடும்பப் பெயர் போன்றது. வேலைக்காகக் கிடைக்கும் எந்தப் பணத்தையும் ‘பே’ எனலாம். இச்சொல் இலத்தீன் மொழியில் சமாதானப்படுத்துதல் என்ற பொருள் தரும் வினையிலிருந்து வந்தது. திருப்பலியில் நாம் ஒருவருக்கொருவர் தெரிவிக்கும் சமாதானத்துக்கான ‘பாக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. கடன் கொடுத்தவனுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்து அவனைச் சமாதானப்படுத்துவதே முதற்பொருள். இச்சொல் வினையாகவும் வரும். இறந்த காலத்தில் ‘பெயிட்’ என்றாகும். ‘பே அட்டென்ஷன்’ என்றால் கவனம் செலுத்து. தமிழிலும் வரியைச் செலுத்துகிறோம், கவனத்தையும் செலுத்துகிறோம் என்பதை நினைவில் வைத்தால் இப்பிரயோகம் மறக்காது.

வேஜ்: நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ, பெரும்பாலும் கைவேலைக்குக் கிடைப்பது. பன்மையில் ‘வேஜஸ்’ என்றே மிகுதியாக வழங்கும். இதன் பழைய பொருள் பிணை, வாக்குறுதி. அதாவது, வேலை தொடங்குமுன் இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட தொகை. சட்டப் புத்தகங்களில் மிகப் பெறுமதியான சொல் இதுவே.

சலரி: மாதக்கணக்கில், குறித்த தொகையாகக் கிடைப்பது. ஆசிரியர், லிகிதர், தோட்ட உத்தியோகத்தர் ஆகியோர் பெறுவது ‘சலரி’. இலத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. உரோமைச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள் என்ற கதைக்குத் திடமான சான்று இல்லை. எனினும் “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்று வளர்ந்த எமக்கு உப்புக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு புதிதல்ல. ‘வேஜ்’, ‘சலரி’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மழைநாளில் காணலாம். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, பால்வெட்டுபவரின் நாள் போய்விடுகிறது. உத்தியோகத்தரின் மாதச் சம்பளம் மழையில் நனைவதில்லை.

ஃபீ: வைத்தியர், சட்டத்தரணி போன்றோரின் சேவைக்கும், பரீட்சை, பாடசாலை போன்றவற்றுக்கும் கொடுப்பது. தமிழில் கட்டணம். இச்சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படும் பழைய ஆங்கிலச் சொல் கால்நடைச் செல்வத்தைக் குறித்தது. பழந்தமிழிலும் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு.

அலவன்ஸ்: கொடுப்பனவு அல்லது படி. வாழ்க்கைச் செலவு, பிரயாணம் போன்ற ஒரு தேவைக்காகச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது. சேமலாப நிதிக்குச் சில கொடுப்பனவுகள் கணக்கில் சேரும், சில சேரா. ஆகவே எந்தக் கொடுப்பனவு என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

இன்சென்டிவ்: ஊக்குவிப்புத் தொகை. இலத்தீனில் இதன் வேர் பாட்டோடு தொடர்புடையது. ஒருவர் பாட்டெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் உற்சாகமாகத் தொடர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக உழைக்க உற்சாகப்படுத்துவதே இதன் நோக்கம். நிபந்தனை நிறைவேறினால் கிடைக்கும், இல்லையேல் இல்லை.

கிராச்சுவிட்டி: பணிக்கொடை. நன்றி, அன்பளிப்பு என்ற பொருளில் பிறந்த சொல். உணவுச்சாலைப் பணியாளருக்கு மனமுவந்து கொடுக்கும் சில்லறையையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பதுண்டு. தமிழிலும் ‘கொடை’ என்றே எழுதுகிறோம். இங்கே சொல் எம்மை ஏமாற்றுகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு இது உரிமை. எவருடைய தயவும் அல்ல.

குரொஸ் பே, நெட் பே: முன்னது கழிவுகளுக்கு முந்திய மொத்தத் தொகை. பின்னது சேமலாப நிதி, முற்பணம், கடன் எல்லாம் கழித்தபின் கைக்கு வருவது. கைக்கு வரும் தொகையையே எல்லாரும் முதலில் பார்க்கிறோம். பசியுள்ள வீட்டில் அது இயல்புதான். ஆனால் முதுமையின் கணக்கு அந்த வரியில் எழுதப்படுவதில்லை.

3. எமது சொற்கள்

இதுவரை பிறமொழிச் சொற்களைப் பார்த்தோம். எமது வாயில் வழங்கும் சொற்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன.

‘கூலி’ என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பொருள். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பதோ ஓர் ஆள். அந்த ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. குஜராத்தின் கோலி இனத்தவரின் பெயரோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உளர். எப்படியாயினும், சம்பளத்தின் பெயரே மனிதனின் பெயராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் கரையிறங்கிய எமது முன்னோர், தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். பல்லேபொலைக்கு அண்மையிலேயே அந்த வடக்குப் பாதை செல்கிறது. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் இறந்தவர் பலர். தோட்டத் துரைமாரின் பேரேடுகளில் அவர்கள் இந்தப் பெயரிலேயே எழுதப்பட்டார்கள்.

‘சம்பளம்’ என்பதைச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று விளக்குவோர் உண்டு. வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எம் வகுப்பில் சிங்கள மாணவன் ஒருவன், “எங்கட வீட்டில சம்பளத்த ‘படி’ எண்டு சொல்லுவம்” என்றான். எமது ‘படியளத்தல்’ என்ற வழக்கு உடனே எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்கிறோம். வேலை குறைந்தால் ‘அரைப் பேர்’. ஓய்வு நாளில் செய்யும் வேலைக்கு ‘கைக்காசு’. முன்னொரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு கடதாசியும் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைப் புதிய தோட்டம் பொறுப்பேற்றால்தான் அவர் தோட்டம் மாறலாம். தன்னைக் கட்டி வைத்த அந்தக் கடதாசியை வாசிக்க அவருக்குத் தெரியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும், 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் வந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் சம சம்பளம் கிடைத்தது 1984இலேயே. ஒவ்வொரு படியும் பலரின் போராட்டத்தால் ஏறியது.

இன்று எமது கையில் இருப்பதும் ஒரு துண்டு. அதை வாசிக்க எமது பிள்ளைகளுக்குத் தெரியும். பொருள்தான் புரிய வேண்டும்.

4. பெயர் மாறினால் கணக்கு மாறும்

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா. அதன் பிரிவுகள்:
அடிப்படைச் சம்பளம் 500 ரூபா
வரவுக் கொடுப்பனவு 60 ரூபா
உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140 ரூபா
விலைப் பங்குக் கொடுப்பனவு 30 ரூபா

2019 ஜனவரி ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 750 ரூபா. அதன் பிரிவுகள்:
அடிப்படைச் சம்பளம் 700 ரூபா
விலைப் பங்குக் கொடுப்பனவு 50 ரூபா

“மூன்று வருடத்துக்கு இருபது ரூபாதானா?” என்று அன்று தோட்டங்களில் கோபம் எழுந்தது. ஆயிரம் ரூபா கேட்டுப் போராடியவர்களின் கோபம் நியாயமானதே. ஆனால் பெயர்களைப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில் கொள்வோரிடமிருந்து நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொள்வோரிடமிருந்து நூற்றுக்கு 3. மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு 23. 2016இல் 500 ரூபாவுக்கு நாளொன்றுக்கு 115 ரூபா நிதிகளில் சேர்ந்தது. 2019இல் 700 ரூபாவுக்கு 161 ரூபா சேர்ந்தது. முன்பு எல்லாக் கொடுப்பனவுகளையும் முழுமையாகப் பெற்றவரின் கைக்கு, தனது 8 வீதம் கழித்தபின் 690 ரூபா வந்தது. பின்பு 694 ரூபா வந்தது. கையில் நான்கு ரூபாவே கூடியது. நிதியில் நாளொன்றுக்கு 46 ரூபா கூடியது. 30 வருடம் வேலை செய்தவரின் பணிக்கொடையோ 2,10,000 ரூபாவிலிருந்து 2,94,000 ரூபாவாக உயர்ந்தது.

எனவே அந்த ஒப்பந்தம் நல்லது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இன்றைய அரிசிக்கு முப்பது வருடத்துக்குப் பின் வரும் பணம் உதவாது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் தொகையைப் பற்றி மட்டுமே பேசி, பெயரைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிக் கணக்கைத்தான் பேசியிருக்கிறோம்.

இது பழங்கதை அல்ல. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகியது. அதை 1550 ரூபாவாக உயர்த்தவும், வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பாக அரசு வழங்கவும் 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. செய்திகள் 1750 என்ற ஒரே எண்ணைச் சொல்லின. அந்த 200 ரூபா வரவேற்கத்தக்கது, வீட்டுக்கு உதவும். ஆனால் அதன் பெயர் ‘இன்சென்டிவ்’. அதுவும் ‘வேஜ்’ என்ற பெயரில் வந்திருந்தால், 30 வருடம் உழைத்தவரின் பணிக்கொடையில் 84,000 ரூபா கூடியிருக்கும். 14 நாளை 30ஆல் பெருக்கி, வரும் 420ஐ 200ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தோட்டத்துக்கு வெளியே வேலை செய்வோரும் இதைக் கவனிக்க வேண்டும். பல்லேபொலைப் பக்கத்தில் மிளகு பறிக்கப் போகும் பலர், “எங்களுக்குக் கைக்காசு, அதோட சரி” என்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஒரேயொரு தொழிலாளியை வைத்திருப்பவருக்கும் அதில் கடமை உண்டு. நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் 1080 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 1200 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அன்றாடம் கையில் வாங்குவதால் அது ‘வேஜ்’ அல்ல என்றாகிவிடாது.

5. மறைநூல் ஒளியில்

கூலியாளின் சம்பளத்தை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். திராட்சைத் தோட்ட உவமையில் தலைவர் விடியற்காலையில் தெனாரியம் ஒன்றுக்கு உடன்பட்டே ஆட்களை வேலைக்கு அனுப்புகிறார். ‘வேஜ்’ என்பதன் பழைய பொருளான வாக்குறுதி அங்கே இருக்கிறது. கடைசியில் வந்தவருக்கும் ஒருநாள் வயிற்றுப்பாட்டுக்குப் போதியதையே அவர் கொடுக்கிறார்.

புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில் பாவம் தரும் சம்பளத்தையும் கடவுள் தரும் கொடையையும் எதிரெதிரே வைக்கிறார். சம்பளத்துக்கு அவர் எடுத்தாளும் கிரேக்கச் சொல், சிப்பாயின் உணவுப் படியைக் குறிப்பது. சம்பளம் ஒருவர் உழைத்துப் பெறுவது, கொடை இலவசமாக வருவது. இந்த வேறுபாட்டைக் குழப்பக்கூடாது. கடவுளின் கொடைக்கு நாம் நன்றி சொல்கிறோம். உழைத்தவரின் உரிமையைக் கொடை என்று சொல்லி அவரை நன்றிக்கடன் படவைப்பது நீதியல்ல. சம்பளத்துக்கு இரு தரப்பாரும் உடன்பட்டுவிட்டால் மட்டும் போதாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவுக்கு அது இருக்கவேண்டும் என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இலேயே தமது சுற்றுமடலில் போதித்தார்.

6. இனிச் செய்வோம்

அன்று வகுப்பு முடியுமுன் அந்த மாணவி தாயின் துண்டில் ‘பேசிக் வேஜ்’ என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டாள். சிரித்த பையன் அவளுக்குப் பெருக்கிக் காட்டினான். அடுத்த கிழமை அவன் தன் தகப்பனின் துண்டையும் கொண்டுவந்தான். வாசகர்களும் தம் வீடுகளில் இதைச் செய்யலாம்.

அ. சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். ஒரு கோப்பில் மாத ஒழுங்கில் வைத்திருங்கள்.
ஆ. ‘பேசிக் வேஜ்’ என்ற வரியைக் கோடிட்டு, அதில் நூற்றுக்கு 8 உங்கள் கழிவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் எந்தக் கொடுப்பனவு சேர்க்கப்பட்டது அல்லது விடப்பட்டது என்று கேளுங்கள்.
இ. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும், அடையாள அட்டையிலும் நிதியிலும் பெயர் ஒரேவிதமாக எழுதப்பட்டுள்ளதா என்பதையும் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் பெறுவது தாமதமாகும்.
ஈ. ஐயம் இருந்தால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரியுங்கள். அறிந்தவர்கள் என்று எம்மைப் போன்றவர்களை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் வீட்டில் வரும் பணத்தில் எது ‘வேஜ்’, எது ‘அலவன்ஸ்’, எது ‘இன்சென்டிவ்’?
2. கையில் கூடுதலாக வருவது, முதுமைக்குக் கூடுதலாகச் சேர்வது ஆகிய இரண்டில் இன்று உங்கள் குடும்பத்துக்கு எது அவசரம்? ஏன்?
3. உங்கள் ஊரில் சேமலாப நிதி இல்லாமல் வேலை செய்வோர் எத்தனை பேர்? அவர்களோடு யார் பேசலாம்?
4. சம்பளத்தைப் பற்றி உங்கள் ஊரில் வழங்கும் பழைய சொற்களை மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.